ஆனையிறவுக்கு அப்பால் யானை: வீட்டிலிருந்தே உதவ நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் மாதம் ஒருமுறை கூடுகிற ஆறு பேர் நாங்கள். இரண்டு பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒருவர் வங்கியில் வேலை, ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், மற்ற இருவர் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். காயப்பட்ட யானைகளுக்கும் தாயை இழந்த கன்றுகளுக்கும் எங்களால் முடிந்ததைச் சேர்த்து அனுப்புகிறோம். யானையைத் தொட்டுப் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. இப்படித் தொடங்கிய நாளிலிருந்து சொந்தக்காரர், அயலவர், வட்ஸ்அப்பில் வருகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் யானையே இல்லை. இது எங்களுக்கு ஏன்?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். குடாநாட்டில் இன்று காட்டு யானைக் கூட்டம் இல்லைதான். ஆனால் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஆனையிறவு, ஆனைக்கோட்டை, ஆனைப்பந்தி. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத கடல்நீரேரி வழியாக நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்த இடம் என்பதால்தான் ஆனையிறவுக்கு அந்தப் பெயர் என்பார்கள். வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் யானையைத் திறையாகக் கட்டினார்கள். போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையை யானைத்துறை என்றே தங்கள் மொழியில் அழைத்தார்கள், கயிற்ஸ் என்ற பெயர் அதில் மிஞ்சிய துண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானை ஏலம் நடந்தது. இந்தியக் கரையிலிருந்து வணிகர்கள் வந்து வாங்கிக் கப்பலேற்றினார்கள். அதாவது யானையை விற்றுக் காசு பார்த்த துறைமுக நகரம் இது. கணக்குப் பார்த்தால் நாங்கள்தான் கடன்காரர்.

பழங்கதை போகட்டும். ஏ9 வீதியால் இரண்டு மணித்தியாலம் போனால் மாங்குளம். அங்கிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால் யானை வேலி, யானைவெடி, இரவில் பரணில் காவல் இருக்கும் மனிதர்கள். போர்க்காலத்தில் சனம் விட்டுப்போன வளவுகளும் வயல்களும் பற்றைக்காடாகின, யானை அங்கே வந்து பழகியது. பிறகு சனம் திரும்பி வந்தது. எங்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருக்கிறார். எங்கள் சோற்றில் ஒரு பங்கு அந்த வயல்களிலிருந்து வருகிறது.

இலங்கையில் எத்தனை யானைகள் இருக்கின்றன? உண்மையிலேயே இவ்வளவு சாகின்றனவா?

2011ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள். சின்னத் தீவுக்கு இது பெரிய எண்ணிக்கை. ஆனால் 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானையால் இறந்த மனிதர்கள் 150க்கு மேல். இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் சொன்னால் கேட்கிறவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்.

சாவுக்குக் காரணம் நோயும் முதுமையும் என்றால் நாங்கள் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டோம். இடியன் துவக்கால் சூடு, கம்பியில் கால் பட்டால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கு, வீட்டு மின்சாரத்தை நேரே கொழுவிய கம்பி, ரயில், பாழ்கிணறு. எல்லாவற்றிலும் கொடுமை வாய்வெடி. சிங்களத்தில் ஹக்க பட்டஸ் என்பார்கள். பூசணிக்காய்க்குள்ளோ வேறு தீனிக்குள்ளோ வெடிமருந்தை ஒளித்துப் பன்றிக்கு வைப்பது. பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று எடுத்து வாயில் போடும். தாடை சிதறும். உடனே சாகாது. தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல் குளக்கரையில் நின்று நாள்கணக்கில் மெலிந்து சாகும். மிருக வைத்தியர் வந்தாலும் அந்த வாய்க்குப் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

யானை மீட்பு என்றால் சரியாக என்ன நடக்கிறது?

காட்டு யானைக்குப் பொறுப்பு வனஜீவராசிகள் திணைக்களம். காயப்பட்ட யானையை அவர்களின் மிருக வைத்தியர்தான் மயக்க ஊசி போட்டு மருந்து கட்டுவார். கிணற்றில் விழுந்த கன்று என்றால் பெரும்பாலும் பெக்கோ இயந்திரத்தால் ஒரு பக்கக் கரையை வெட்டிச் சரிவாக்கி ஏறவிடுவார்கள். தாய் பக்கத்தில் நின்றால் கன்று அதோடு போய்விடும். அதைவிட நல்ல முடிவு கிடையாது.

தாய் இல்லாத கன்று என்றால் உடவளவையில் உள்ள யானைக் கன்றுகளின் இடைத்தங்கல் இல்லத்துக்குப் போகும். சிங்களத்தில் எத் அதுரு செவன. 1995இல் திணைக்களம் தொடங்கியது. அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதடவை புனலும் குழாயும் வைத்துப் பால் ஊற்றுவார்கள். பார்க்க வருகிறவர்கள் தூரத்து மேடையில் நிற்க வேண்டும், தொடவோ தடவவோ விடமாட்டார்கள். மனிதருக்குப் பழகிய யானையைக் காட்டில் விட முடியாது என்பதுதான் காரணம். ஐந்து வயதளவில் கன்றுகளைக் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவை அப்படிப் போயிருக்கின்றன. அவற்றில் சில காட்டில் தாயாகியும் இருக்கின்றன. இந்தச் செய்தியை முதலில் கேட்ட அன்று எங்கள் தையல்கடை அக்கா, “அப்ப எனக்கு முன்னமே பேரப்பிள்ளை வந்திட்டுது” என்றார்.

பின்னவலவுக்குக் காசு கொடுத்தால் அது மீட்பு இல்லையா?

பின்னவல 1975இல் அநாதைக் கன்றுகளுக்காகத்தான் தொடங்கியது. பிறகு மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்தின் கைக்கு வந்து, யானைகள் அங்கேயே இனம்பெருகி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கிற இடமாக மாறியது. 2021இல் இரட்டைக் கன்று பிறந்ததும் அங்கேதான். அது ஒரு கண்காட்சி இடம், அதற்கு நுழைவுச்சீட்டு வருமானம் இருக்கிறது. காட்டுக்குத் திரும்பும் யானைக்கு உதவ வேண்டும் என்றால் உங்கள் காசு போக வேண்டிய வழி வேறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வருவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. யானைச் சவாரி மட்டும் வேண்டாம்.

எதற்குக் காசு சேர்த்தால் உண்மையில் யானை பிழைக்கும்?

இதற்குத்தான் நாங்கள் நிறைய அடிபட்டுப் பதில் கண்டோம். முதல் வருடம் முழுக்கக் கன்றுப் பாலுக்கே சேர்த்தோம். கன்றின் படம் போட்டால் காசு தானாக வரும். அந்தப் பெரிய கண்ணும் ஆடுகிற சின்னத் துதிக்கையும் யாருடைய பணப்பையையும் திறந்துவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு கன்று இடைத்தங்கல் இல்லத்துக்கு வருகிறது என்றால் அதன் தாய் ஏற்கனவே செத்துவிட்டது, அல்லது பிரிந்துவிட்டது. ஏதோ ஒரு வயல்கரையில் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் பால் போய்ச் சேர்கிறது.

யானை சாகிற இடம் வயல். அங்கே இரவு காவல் இருக்கிற மனிதனிடம் நல்ல வேலி இருந்தால், வெளிச்சம் இருந்தால், பயிர் போனாலும் பிள்ளைக்குச் சோறு இருக்கும் என்ற தைரியம் இருந்தால், அவர் கையில் துவக்கு எடுக்கிற தேவை குறையும். அதனால் இப்போது சேர்க்கிறதில் பெரும்பகுதியை வேலிப் பராமரிப்புக்கும் பாழ்கிணறுகளுக்குக் கட்டு கட்டுவதற்கும் கொடுக்கிறோம், பாலுக்குச் சிறு பங்கு. இந்த மாற்றத்தைச் சொன்னபோது வழக்கமாகத் தருகிற சிலர் நிறுத்திவிட்டார்கள். “நான் ஆனைக்குத் தந்தனான், கமக்காரனுக்கு இல்லை” என்றார் ஒருவர். கவலையாக இருந்தது, ஆனாலும் மாற்றவில்லை.

கிணற்றுக்கட்டு பற்றி ஒரு சொல். வன்னியில் கைவிடப்பட்ட தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டே இல்லை. நிலமட்டத்தோடு வாய் திறந்து கிடக்கும். இரவில் கன்று மட்டுமில்லை, மாடும் விழும், மனிதரும் விழுவர். நான்கு வரிசைக் கல்லும் சீமெந்தும் ஒரு மேசனின் ஓரிரு நாள் வேலையும்தான். இதைவிட மலிவான யானை மீட்பு எனக்குத் தெரியாது.

மின்சார வேலி யானையைக் கொல்லாதா?

முறையான யானை வேலி கொல்லாது. சாதனத்திலிருந்து விட்டுவிட்டுத் துடிப்பாக மின் பாயும். சுள்ளென்று அடிக்கும், யானை பின்வாங்கும், அவ்வளவுதான். கொல்வது வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொழுவுவது. அது சட்டவிரோதம், அதில் அகப்பட்டு வேலி போட்ட வீட்டுக்காரரே செத்த சம்பவங்களும் உண்டு.

ஆனால் முறையான வேலியும் பிழையான இடத்தில் போட்டால் வீண். நாட்டில் 4,000 கிலோமீற்றருக்கு மேல் யானை வேலி இருக்கிறது, சாவு நிற்கவில்லை. ஏன்? நிறைய வேலிகள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோட்டில் போடப்பட்டவை. இரு பக்கமும் காடு, இரு பக்கமும் யானை. யானைக்கு எந்தத் திணைக்களத்தின் காடு என்று தெரியுமா? ஆய்வாளர் பிருத்திவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தபடி, இலங்கையில் யானை நடமாடுகிற நிலத்தில் ஏறக்குறைய 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். யானையைக் காட்டுக்குள் அடைக்கிற எண்ணமே அங்கே அடிபட்டுப் போகிறது.

அவர்கள் சொல்கிற வழி, யானையை விட்டு ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுவது. ஊர் வேலி நிரந்தரம். வயல் வேலி பயிர் நிற்கும் காலத்துக்கு மட்டும். அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுருட்டிவிட்டால் யானை வந்து அரிதாளைத் தின்னும், அடுத்த விதைப்புக்குத் திரும்பக் கட்டலாம். கமக்காரரே குழுவாகச் சேர்ந்து காசு போட்டு, பற்றை வெட்டி, முறைவைத்துப் பார்க்க வேண்டும். 2020இல் பிருத்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசியச் செயற்திட்டத்திலும் இதுதான் முக்கியமான யோசனை. எங்களைப் போன்றவர்கள் காசு கொடுப்பதாக இருந்தால், வேலியை யார் பராமரிப்பார் என்று முதலில் கேளுங்கள். “திணைக்களம் பார்க்கும்” என்று பதில் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். “இன்ன கமக்காரர் அமைப்பு, இன்ன கிழமை இன்னாருடைய முறை” என்று வந்தால் கொடுக்கலாம்.

தோடை நட்டால் யானை வராது என்கிறார்களே?

யானைக்குத் தோடை, எலுமிச்சை வாசம் பிடிப்பதில்லை. இலங்கை வனசீவராசிகள் பேணற் சங்கம் என்ற தொண்டு அமைப்பு வஸ்கமுவப் பக்கம் வீட்டைச் சுற்றித் தோடை நடும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. வேலிக்கு வேலி, பழத்துக்குப் பழம். தனியே அதை மட்டும் நம்ப முடியாது, மற்ற ஏற்பாடுகளோடு சேர்த்துச் செய்யலாம். அதே அமைப்பு அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர்ச் சனத்துக்கும் யானைப் பாதையால் போக ஒரு பேருந்தும் ஓடவிட்டது. நடந்து போனால்தான் யானையோடு முட்டுப்பட வேண்டும், பேருந்தில் போனால் இரண்டு பேருக்கும் ஆபத்தில்லை. எனக்கு மிகப் பிடித்த யோசனை இது.

ஏமாறாமல் காசு அனுப்புவது எப்படி?

நாங்கள் ஏமாந்திருக்கிறோம், அதனால் சொல்கிறேன். தொடங்கிய புதிதில் பேஸ்புக்கில் ஒரு பக்கம். சேற்றில் புதைந்த கன்று, பக்கத்தில் அழுகிற ஒரு பெண்பிள்ளை, கீழே வங்கிக் கணக்கு எண். அன்றிரவே ஆறு பேரும் சேர்ந்து அனுப்பிவிட்டோம். ஒரு மாதம் கழித்து அதே கன்று, அதே சேறு, வேறு நாட்டின் பெயரோடு வேறொரு பக்கத்தில் வந்தது. பல்கலைக்கழகத்துத் தம்பி படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தபோது அது பல வருடம் பழைய, ஆபிரிக்க யானையின் படம். காதைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், ஆபிரிக்க யானையின் காது விசிறிபோல் பெரிது. நாங்கள் காதைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தோம். இப்போது செயற்கை நுண்ணறிவில் செய்த காணொளிகளும் வருகின்றன. அவற்றில் காது சரியாகவே இருக்கும். அதனால் படத்தை நம்பி முடிவெடுக்கிற காலம் போய்விட்டது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். அமைப்பு பதிவு செய்யப்பட்டதா என்று கேட்போம். இலங்கையில் தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ, உத்தரவாத வரையறைக் கம்பனியாகவோ பதிந்திருக்கும், பதிவு இலக்கம் கேட்டால் தரவேண்டும். கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, தனியாளின் பெயரிலா என்று பார்ப்போம். பற்றுச்சீட்டு கேட்போம். கடைசியாக, போன வருடம் என்ன செய்தீர்கள், எது சரிவரவில்லை என்று கேட்போம். எது சரிவரவில்லை என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறவர்களை நான் உடனே நம்பிவிடுவேன். எல்லாம் வெற்றி என்பவர்களிடம் திரும்பப் போக மாட்டேன்.

காட்டு யானையைத் தனியார் யாரும் பிடித்து வைக்க முடியாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். “நாங்கள் காப்பாற்றிய கன்று எங்கள் வளவில் வளர்கிறது, தீனிக்கு உதவுங்கள்” என்று யாராவது கேட்டால், அது மீட்பு இல்லை, பொலிஸுக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

வீட்டிலிருந்தபடி காசு சேர்க்க எங்களூருக்குப் பொருந்தும் வழி என்ன?

எங்களுக்குக் கைகொடுத்தது கூழ். உலக யானை நாள் ஓகஸ்ட் 12. அன்று மாலை ஒடியற்கூழ் காய்ச்சி, பிளாவில் ஊற்றி விற்கலாம் என்று முதல் வருடம் திட்டம் போட்டோம். நண்டு, மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் பட்டியல் போட்டு முடிந்த பிறகுதான் ஒரு அம்மா கேட்டார், “பிள்ளையள், நல்லூர்க் கொடி ஏறியிருக்கேக்க ஆர் நண்டுக்கூழ் குடிக்கிறது?” ஆறு பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஓகஸ்ட் 12 பல வருடங்களில் நல்லூர்த் திருவிழாவுக்குள் வந்துவிடும், ஊரே மரக்கறி. பிறகு நாளை மாற்றி ஆடிப்பிறப்புக்கு ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் செய்தோம். அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, பயறு. ஒழுங்கை முழுக்கச் சனம். வாங்க வந்தவர்களிடம் யானைக் கதையும் சொன்னோம், கூழ் ஆறும் வரைக்கும் அவர்கள் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

வேறு வழிகளும் உண்டு. பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம், கிணற்றுக்கட்டுக்கு ஒரு கல் தாருங்கள் என்று கேட்ட ஒரு பிள்ளை இருக்கிறாள். கேகாலைப் பக்கம் யானை இலத்தியில் கடதாசி செய்கிறார்கள், அந்தக் கொப்பிகளை வாங்கி விற்றோம். பிள்ளைகள் மோந்து பார்த்துவிட்டு, மணக்கவில்லை என்று ஏமாந்து போனார்கள். வீட்டு உண்டியல் மெதுவாக நிறையும், ஆனால் நிற்காது. நல்லூர் வீதியில் தகரப்பேணியோடு நிற்கலாம் என்று ஒருவர் சொன்னார். எங்களுக்கு மனம் வரவில்லை. கோயிலுக்கு வருகிறவரை வழிமறிப்பது ஒரு காரணம். அனுமதி, கணக்கு என்று வருகிற சிக்கல் மற்றது.

கணக்கு என்றால் நினைவு வருகிறது. இரண்டு பேர் கையொப்பமிடும் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வந்தது, போனது இரண்டையும் மாதமுடிவில் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கேட்கும் முன் போட்டுவிட வேண்டும். கேட்ட பிறகு போட்டால் கணக்குச் சரியாக இருந்தாலும் மனக்கசப்பு வந்துவிடும்.

வெளிநாட்டில் உள்ள சொந்தங்களிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அவர்கள் ஏற்கனவே கோயில், பள்ளிக்கூடம், விளையாட்டுக் கழகம், வாசிகசாலை என்று எல்லாருக்கும் கொடுத்துக் களைத்தவர்கள். யானையோடு வரிசையில் கடைசியாகப் போய் நிற்கிறீர்கள் என்ற அடக்கம் வேண்டும். முழுக்காசையும் கேட்காமல் ஒரு கிணறு, ஒரு வயல் வேலியின் ஒரு போகச் செலவு என்று துண்டுபோட்டுக் கேளுங்கள். முடிந்ததும் படம் அனுப்புங்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் மாமா ஒரு கிணற்றுக்குக் கொடுத்தார். இப்போது வாரம் ஒருமுறை தொலைபேசியில் “என்ர கிணறு எப்படி?” என்று கேட்கிறார். தங்கள் நாட்டிலிருந்தே நேரடியாக அமைப்புக்கு அனுப்ப முடிந்தால் அதுவே நல்லது, இடையில் உங்கள் கணக்கு எதற்கு?

என்னிடம் காசு இல்லை. வேறு என்ன செய்யலாம்?

தமிழ் தெரியுமே, அது போதும். யானை பற்றிய நல்ல விளக்கங்கள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் கிடைக்கின்றன. வவுனியாவில், முல்லைத்தீவில், மட்டக்களப்பில், அம்பாறையில் யானையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பலர் தமிழ் பேசுகிறவர்கள். நீங்கள் வீட்டிலிருந்து ஒரு பக்கத்தைத் தமிழாக்கிக் கொடுத்தால் அது ஒரு மாதச் சந்தாவைவிடப் பெரிது. ஒரு எச்சரிக்கை, அகராதித் தமிழில் எழுதாதீர்கள். நான் முதலில் எழுதிய துண்டுப்பிரசுரத்தில் ஹக்க பட்டஸைத் “தாடைச் சிதைப்பு வெடிபொருள்” என்று எழுதி வைத்தேன். ஒட்டுசுட்டானில் இருக்கும் மச்சான் வாசித்துவிட்டு, “என்ன, இராணுவத்தின்ர அறிவித்தலோ?” என்றான். வாய்வெடி என்று மாற்றினேன்.

அடுத்தது கதிர்காமம். செல்வச்சந்நிதியிலிருந்து பாதயாத்திரை போகிறவர்கள் குமண, யால காட்டுக்குள்ளால் நடக்கிறார்கள். வாகனத்தில் போகிறவர்கள் புத்தளைக் கதிர்காம வீதியில் கைநீட்டும் யானைகளைக் காண்பார்கள். வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுப்பது பலருக்குப் புண்ணியமாகத் தெரிகிறது, பிள்ளையாருக்குக் கொடுத்த மாதிரி. அந்த யானை அடுத்த வாகனத்தை மறிக்கும், கொடுக்காவிட்டால் கண்ணாடியை உடைக்கும், பிறகு அதைப் பொல்லாத யானை என்பார்கள். உங்கள் ஊரிலிருந்து பேருந்து வெளிக்கிடும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள்: யானைக்குத் தீனி வேண்டாம், பொலித்தீனைக் காட்டில் போட வேண்டாம். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் சோற்றுப் பொதியோடு பொலித்தீனையும் தின்று எட்டு வருடங்களில் இருபதளவு யானைகள் செத்தன என்று 2022இல் செய்தி வந்தது. யானைக்கு மணம் தெரியும், பொதி எது, சோறு எது என்று பிரிக்கத் தெரியாது.

யானையால் பயிரும் வீடும் போன உறவினரிடம் இதைப் பற்றி எப்படிக் கதைப்பது?

முதலில் கதைக்காதீர்கள், கேளுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது மச்சான் வீட்டு முற்றத்தில். யானை பாவம் என்று நான் ஏதோ சொல்லத் தொடங்க, அவன் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வயலைக் காட்டினான். குடலைப்பருவத்து நெல். ஒரே இரவில் முக்கால்வாசி மிதிபட்டுக் கிடந்தது. வங்கிக் கடன் எவ்வளவு, பசளை எவ்வளவு என்று சொன்னான். அவனுடைய சின்னவள் இருட்டினால் வெளியே கழிப்பறைக்குப் போகப் பயந்து சோறு தண்ணீர் குறைத்துச் சாப்பிடுகிறாள் என்று அவன் மனைவி சொன்னார். நான் கொண்டுபோன துண்டுப்பிரசுரத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அவன் யானையை வெறுக்கிறவனும் இல்லை. “ஆனை தன்ர வழியில வருது, அது எனக்குத் தெரியும். ஆனா நான் எங்க போறது?” என்றான். வீட்டு வாசலில் பிள்ளையார் படம். எங்கள் காசு வேலிக்குத் திரும்பியது அந்த முற்றத்தில்தான். வன்னிக்காரரிடம் போய் யானையை நேசியுங்கள் என்று யாழ்ப்பாணத்துக்காரர் வகுப்பெடுப்பதைப் போல எரிச்சலூட்டும் காரியம் வேறில்லை. அதைச் செய்யாமலிருந்தாலே பாதி உதவி.

காட்டுப்பக்கம் போகும்போது தனியே நிற்கும் கன்றைக் கண்டால்?

கிட்டப் போகாதீர்கள். தாய் பற்றைக்குள் நிற்கலாம். நாயையும் சனக்கூட்டத்தையும் விலக்குங்கள். சாப்பாடு, தண்ணீர், முக்கியமாகப் பசுப்பால் கொடுக்காதீர்கள், கன்றின் வயிறு தாங்காது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லலாம். படம் எடுத்தால் தூரத்திலிருந்து எடுங்கள். இடத்தின் பெயரோடு உடனே முகநூலில் போட்டால் பத்து நிமிடத்தில் அங்கே மோட்டார் சைக்கிள்கள் நிறைந்துவிடும், தாய் வராது.

ரயிலில் அடிபடுவதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

நேரடியாக அதிகம் செய்ய முடியாது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் மட்டக்களப்புப் பாதையில் ஓடிய பயணிகள் ரயில் விடியுமுன் ஒரு கூட்டத்தில் மோதிக் குறைந்தது ஆறு யானைகள் செத்தன. யானை கடக்கும் இடங்களில் இரவு வேகத்தைக் குறைத்தால் ரயில் கொஞ்சம் பிந்தும். பிந்தியதற்காக நிலைய அதிபரோடு சண்டை பிடிக்காமல் இருக்கலாம். அவ்வளவு செய்யலாம்.

யானைமுடி மோதிரம், தந்தப் பொருள்கள்?

வாங்காதீர்கள், விற்காதீர்கள், பரிசாகவும் ஏற்காதீர்கள். இலங்கை 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் பிடிபட்ட தந்தங்களை எல்லாரும் பார்க்க நசுக்கி அழித்தது. 2017இல் கல்கமுவப் பக்கத்தில், தந்தங்கள் குறுக்கே ஒன்றையொன்று தாண்டி வளர்ந்த தள புட்டுவா என்ற பெயர்பெற்ற கொம்பனைக் கஜமுத்து ஆசையில், அதாவது தந்தத்துக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் முத்துக்காக, கொன்றார்கள். கஜமுத்து வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று சொல்லித் திரிகிற சோதிடர்கள் எங்களூரிலும் உண்டு. அவர்களுக்கு ஏன் சேரவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

கன்றைத் தத்தெடுத்தால் வீட்டுக்குக் கொண்டுவரலாமா? (என் மகள், ஏழு வயது)

இல்லை. வளர்ப்புப் பெற்றோர்த் திட்டத்தில் பால் செலவுக்குக் காசு கொடுப்போம், கன்று உடவளவையில்தான் இருக்கும். வளர்ந்தால் ஒரு நாளைக்கு 150 கிலோ தீன் தின்னும். எங்கள் வளவில் உள்ள முருங்கையும் வாழையும் காலைச் சாப்பாட்டுக்குக் காணாது.

ஆனையிறவில் இப்போது யானை பார்க்கலாமா? (அதே மகள்)

பார்க்க முடியாது. உப்பளம் பார்க்கலாம், காலம் சரியாக இருந்தால் பூநாரையும் பார்க்கலாம். போன தடவை அதைத் தாண்டும்போது பேருந்து யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு கடைசிவரை தேடினாள். பரந்தன் தாண்டியதும், “அது இறங்கிப் போயிட்டுதாக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டாள்.